அம்பாசடருக்கு டைமிங் வைப்பது

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசடருக்கு இக்னிஷன் டைமிங் வைக்கக் கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜ், ஒரு 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் காது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் முழுசாகத் திறந்து நிற்கும்போது 0.4 மில்லிமீட்டர் தகட்டை நடுவில் விட்டால், லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். தொளதொளவென்றும் கூடாது, இறுக்கவும் கூடாது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். முதல் சிலிண்டரின் டைமிங் குறியில் எஞ்சினை நிறுத்தி, பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும் மற்றதை பாடியிலும் கொடுத்து, சாவியைப் போட வேண்டும். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், பாயிண்ட் விலகும் நொடியில் பல்பு பளிச்சென்று எரியும். அங்கேயே கிளாம்பை முடுக்கிவிடலாம்.

மிச்சத்தை மேடு சொல்லும். டாப் கியரில் ஏறும்போது கடகடவென்று தட்டினால் தீப்பொறி முந்துகிறது. இழுவையில்லாமல் சூடேறினால் பிந்துகிறது.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போட்டால் இந்தப் பாடே இல்லை என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் பாயிண்ட் நடுரோட்டில் மக்கர் செய்தால், ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்து வீடுவரை ஓட்டிவந்துவிடலாம். கிட் செத்தால் டோயிங் வண்டிதான்.