பாடு யாருடையது?
ஷுசாகு எண்டோவின் ‘மௌனம்’ நாவல்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

குறுகிய கால மறைபரப்புப் பயணங்கள் பெருகிவரும் காலம் இது. பத்து நாள், இரண்டு வாரம் என்று நாள் குறித்துக்கொண்டு, பனி மூடிய ஜப்பானியச் சிற்றூர்களுக்குக்கூட வெளிநாட்டுக் குழுக்கள் சென்று திரும்புகின்றன. நம் பகுதியிலும் திருவருகைக் காலம் பிறந்ததும், நகரப் பங்குகளின் இளைஞர்களும் பக்த சபையினரும் வேன் அமர்த்திக்கொண்டு ஏழை மீனவக் குப்பங்களைத் தேடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. பாடல், செபம், சிறுவர்க்கு இனிப்பு, முதியோர்க்குப் போர்வை, கடைசியாக ஒரு புகைப்படம், மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரைகளாவது சில திங்கள் தங்குகின்றன! இவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் குறைகூற வரவில்லை. எனினும், இத்தகைய பயணத்தின் மதிப்பு யாது, அதை அளப்பவர் யார் என்னும் வினாவை நாம் தட்டிக்கழிக்க இயலாது.

இவ்வினாவை மிகக் கடுமையாக எழுப்பிய இலக்கியம் ஒன்று உண்டு. ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷுசாகு எண்டோ 1966-இல் வெளியிட்ட ‘மௌனம்’ என்னும் நாவலே அது. இயேசு சபைக் குரு வில்லியம் ஜான்ஸ்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் 1969-இலும், மார்ட்டின் ஸ்கோர்செசியின் திரைப்படத்தால் 2016-இலும் அது உலகெங்கும் அறிமுகமாயிற்று. அதைக் கடவுளின் மௌனத்தைப் பற்றிய நாவலாகவே பெரும்பாலோர் படித்துள்ளனர். பழவேற்காட்டு மீனவர்களின் வாழ்வை நெஞ்சில் இருத்திப் படிப்போர்க்கு அதில் வேறொரு மௌனமும் கேட்கும். அம்மௌனத்தைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைக்களம் 17-ஆம் நூற்றாண்டு ஜப்பான். 1614-இல் பிறந்த தடையாணைக்குப் பின் திருமறை அங்கே வேட்டையாடப்பட்டது. மூத்த மறைப்பணியாளரான ஃபெரைரா வதைக்குழியில் மறையை மறுதலித்தார் என்ற செய்தி ஐரோப்பாவை எட்டுகிறது. இது 1633-இல் நடந்த வரலாற்று நிகழ்ச்சி. அவருடைய மாணவர்களான ரொட்ரிகஸ், கார்ப்பே என்னும் இளங்குருக்கள் உண்மையறியவும், ஆயரற்ற மந்தையைப் பேணவும் இரகசியமாக ஜப்பானில் கரையிறங்குகின்றனர். டொமோகி என்னும் ஏழை மீனவச் சிற்றூர் அவர்களை மலைக்குடிசை ஒன்றில் ஒளித்துவைத்து உணவளிக்கிறது. பின்னர் அதிகாரிகள் வருகின்றனர். ஊரார் பிணையாகின்றனர். இறுதியில் ரொட்ரிகஸ் பிடிபட்டு, குழியில் தொங்கவிடப்பட்ட எளியோரின் முனகலைக் கேட்டு, அவர்களைக் காக்கும்பொருட்டுக் கிறிஸ்துவின் உருவத்தின்மேல் காலை வைக்கிறார்.

இந்த இறுதிக் காட்சியைப் பற்றித்தான் இறையியலார் இத்தனை ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். நாமோ நாவலின் முற்பகுதிக்குச் செல்ல விரும்புகிறோம். அங்கேதான் பலரும் கவனியாமல் கடந்துபோகும் செல்வங்கள் உள்ளன.

முதலாவது, குருக்கள் வருமுன்பே டொமோகியில் திருச்சபை இருந்தது. பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்களிக்க ஒரு முதியவர். செபமும் ஞானோபதேசமும் கற்பிக்கச் சிலர். அவர்களுக்குத் துணையாக வேறு சிலர். இவ்வாறு ஊரார் தாங்களே ஓர் அமைப்பை உருவாக்கி, உயிருக்கு அஞ்சாமல் காத்துவந்தனர். தமிழகக் கடற்கரையில் பிறந்தவர்க்கு இது புதுமையன்று. சவேரியார் முத்துக்குளித்துறையில் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை அமர்த்திச் சென்றதும், குரு திங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்னும்படி நம் உபதேசியார்கள் தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைப் பேணியதும் நாம் அறிந்தவையே. ரொட்ரிகஸ் இந்த அமைப்பைக் கண்டு வியக்கிறார். ஆனால் அவர்களிடம் தாம் கற்கவேண்டியது ஏதேனும் உண்டா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, ஊரார் அவரிடம் சிலுவை, பதக்கம், திருவுருவம் என்று கையில் வைத்துக்கொள்ள ஏதேனும் கேட்கின்றனர். அவர் தம் செபமாலையைப் பிரித்து மணிமணியாகப் பகிர்ந்தளிக்கிறார். அதே வேளையில், பொருள்களின்மேல் இவர்களுக்கு இத்தனை பற்று ஏன் என்று உள்ளூரக் கலங்கவும் செய்கிறார். எண்டோ ஒரு சொல்லும் கூட்டாமல் இதை எழுதிச் செல்கிறார். கொடுப்பவர் போய்விடுவார் என்பது பெறுபவர்க்குத் தெரியும். போனபின் கையில் எஞ்சுவது ஒரு மணி. அதை மூடநம்பிக்கை என்பது, போகப்போகிறவர்க்கு எளிது.

மூன்றாவது, நாவலின் மிகக் கூர்மையான இடம். உருவத்தை மிதிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று மோக்கிச்சி என்னும் ஊர்க்காரர் கேட்கிறார். மிதித்துவிடுங்கள் என்கிறார் ரொட்ரிகஸ், இரக்கத்தால். கார்ப்பே அவரைக் கடிந்து நோக்குகிறார். மோக்கிச்சியும் இச்சிசோவும் அவ்வாறே மிதிக்கின்றனர். ஆனால் அதிகாரிகள் அத்துடன் விடவில்லை. திருவுருவத்தின்மேல் உமிழவும், தேவதாயைப் பழிக்கவும் கட்டளையிடுகின்றனர். அது அவர்களால் ஆகவில்லை. கடலோரத்தில் நட்ட மரங்களில் இருவரும் கட்டப்படுகின்றனர். ஏறியிறங்கும் அலையே அவர்களைக் கொல்கிறது. குரு கொடுத்த அனுமதி ஓரளவுக்குத்தான் பயன்பட்டது. அதற்கப்பால் அவர்கள் தம் சொந்த விசுவாசத்தில் நின்றனர். மாதாவின் பெயரையே ஊருக்குச் சூட்டிய நடுவூர் மாதாக்குப்பத்தார் இதை நம்மைவிட நன்றாய் உணர்வர்.

இங்கேதான் நாவலின் குறையும் தொடங்குகிறது என்பது நம் துணிபு. முற்பகுதி முழுவதும் ரொட்ரிகஸ் எழுதும் மடல்களாக அமைந்துள்ளது. ஊராரைப் பற்றி அவர் சொல்வதையே நாம் அறிகிறோம். ஊரார் அவரைப் பற்றி என்ன நினைத்தனர் என்று அறிய வழியில்லை. மோக்கிச்சியின் வீட்டார் என்ன ஆயினர்? இரண்டு பேரைக் கடலுக்குக் கொடுத்தபின் அவ்வூர் எப்படி வலை வீசிற்று? கடவுள் ஏன் பேசவில்லை என்று கதறும் நாவல், இவ்வூரைப் பேசவிடவில்லை. எண்டோ இதை அறிந்தே செய்தார் என்று வாதிடலாம். மறைப்பணியாளரின் பார்வைக் குறைவைக் காட்டவே அவருடைய மடல்களை வடிவமாகக் கொண்டார் எனலாம். அவ்வாறாயினும், மடல்கள் முடிந்து ஆசிரியரே கதைகூறத் தொடங்கும் பகுதியிலும் குருவின் உள்ளமே மையமாக நிற்கிறது. ஊர் அவருடைய வேதனைக்குப் பின்னணியாகச் சுருங்குகிறது.

நாவலின் புகழ்பெற்ற உவமையையும் இக்கரையிலிருந்து சற்று உரசிப் பார்க்கவேண்டும். ஜப்பான் ஒரு சேற்றுநிலம், இங்கு நட்ட நாற்றின் வேர் அழுகிவிடும் என்கிறார் மனமுடைந்த ஃபெரைரா. ஜப்பானில் கத்தோலிக்கர் இன்றும் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை என்பதைக் காட்டி இவ்வுவமையை மெய்யென்பாரும் உளர். ஆனால் பழவேற்காட்டு மீனவரிடம் சேறு என்றால் அழிவின் இடம் என்று சொல்லிப் பாருங்கள்; அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். இறால் கடலில் பிறக்கிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து, உவர்நீர்ச் சேற்றில் உண்டு வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. நாற்றுக்குச் சாவான சேறு இறாலுக்குத் தொட்டில். சேற்றில் எது வாழும் என்பது சேற்றோடு வாழ்ந்தவர்க்கே தெரியும். வரலாறும் ஃபெரைராவை மறுத்துவிட்டது. 1644-க்குப்பின் குருவே இல்லாத ஜப்பானில், 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியின் ஔரா ஆலயத்தில் உராகாமி ஊரார் சிலர் பெத்திஜான் என்னும் பிரெஞ்சுக் குருவை அணுகித் தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று தெரிவித்து, மாதாவின் சுரூபம் எங்கே என்று வினவினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சேற்றுக்குள் வாழ்ந்த விசுவாசம் அது.

நாவலின் இறுதிப் பகுதியில் டச்சு வணிக நிறுவன எழுத்தர் ஒருவரின் நாட்குறிப்பு இடம்பெறுகிறது. தோல்வியுற்ற குரு அதில் வணிகச் செய்திகளுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பாகிவிடுகிறார். இவ்விடத்தில் பழவேற்காட்டார் நிமிர்ந்து உட்காரலாம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே வந்தனர். மகிமை மாதா ஆலயம் 1515-இல் எழுந்தது என்பது மரபு. பின்னர் டச்சுக்காரர் வந்து 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். ரொட்ரிகஸ் ஜப்பானில் வதைபட்ட அதே ஆண்டுகளில் அந்த நிறுவனமே இவ்வேரியின் வாயிலையும் காத்துநின்றது. டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயர் வந்தனர், அவர்களும் போயினர். கோட்டை இடிந்தது. குப்பத்தின் பெயரில் மாதா மட்டும் தங்கிவிட்டாள்.

அப்படியாயின் குறுகிய வருகையெல்லாம் வீண் என்று முடித்துவிடலாமா? கூடாது. ஜப்பானுக்கு முதன்முதல் நற்செய்தி கொண்டுசென்ற நம் சவேரியாரே குறுகிய காலப் பணியாளர்தாம். 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் இறங்கிய அவர் 1551 நவம்பரில் புறப்பட்டுவிட்டார், இரண்டேகால் ஆண்டு. 1550 டிசம்பரில் யமகுச்சியிலிருந்து பனியில் நடந்தும் படகேறியும் தலைநகரான மியாக்கோவை அடைந்து, பேரரசரைக் காண இயலாமல் பதினொரு நாளில் திரும்பினார். அக்குளிர்காலப் பயணத்தைக் கணக்குப் பார்த்தால் முழுத் தோல்வி. மொழியும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கடவுளைக் குறிக்க அவர் முதலில் ஏற்ற ‘தாய்நிச்சி’ என்னும் சொல் பௌத்தர் வணங்கும் புத்தர் ஒருவரின் பெயர் என்று பின்னரே தெரிந்தது. அதற்கு முன்பு நம் கரையிலும் இவ்வாறே நேர்ந்தது. தமிழில் பெயர்த்த விசுவாச அறிக்கையில் ‘விசுவசிக்கிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற சொல் நின்றுவிட்டது. அதைத் திருத்தும்படி 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு அவர் மடல் எழுதினார்.

அவருடைய பெருமை வேறோரிடத்தில் உள்ளது. தாம் போனபின் தங்குவோரை அவர் விட்டுச் சென்றார். ஜப்பானில் கோஸ்மே தெ தொரேஸ் அடிகள் 1570-இல் இறக்கும்வரை இருந்தார். தமிழகத்தில் அன்றிக் அடிகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தங்கி, தமிழ் கற்று, 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சேற்றி, 1600-இல் நம் மண்ணிலேயே உயிர்நீத்தார். வந்து செல்பவருடைய பணிக்குத் தங்குபவரே பொருள் தருகிறார்.

இதைப் பழவேற்காட்டார் ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். முகத்துவாரத்தை அடுத்த இறால் பிடிக்கும் நீர்நிலைகளைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்று உன் முறை. வலை கட்டிப் பிடித்துக்கொள். நாளை இடத்தை மற்றவனுக்கு விட்டுவிடு. பாடு உனக்கு, ஏரி உனக்கன்று. இந்த முறைக்குள் இடம்பெறாத எளியோரின் மனக்குறையும் உண்டு. ஆகவே அதைக் குற்றமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். எனினும் மறைப்பணிக்கு இதைவிடத் தெளிந்த இலக்கணம் கிடைப்பது அரிது. எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்பிய ஆண்டவர், ஒரே வீட்டில் தங்கவும் வைத்ததை உண்ணவும் பணித்தார். தாம் செல்லவிருந்த ஊர்களுக்கே அவர்களை முன்னே அனுப்பினார். அவர்களுக்கும் கிடைத்தது ஒரு முறைதான், ஊர் ஆண்டவருடையது.

பாடு என்பதற்குத் தமிழில் துன்பம் என்னும் பொருளும் உண்டு. தவக்காலத்தில் நாம் தியானிப்பதும் ஆண்டவரின் பாடுகளையே. ‘மௌனம்’ நாவலில் பணி முறை குருவுக்கு வாய்த்தது. துன்பப் பாடு ஊரார்மேல் விழுந்தது. இரண்டும் ஒருவர் தோளிலேயே சேரும் நாளில்தான் ரொட்ரிகஸ் தன்னைப் பற்றிய எண்ணத்தை இழக்கிறார். அவர் செய்தது சரியா தவறா என்று நாம் தீர்ப்பிடத் துணியோம். தம் வீரச்சாவைப் பற்றியே கனவு கண்டுவந்த ஒருவர், முதன்முறையாகப் பிறருடைய முனகலைத் தம் பெருமைக்கு மேலாகக் கேட்டார் என்பதை மட்டும் சொல்வோம். நாவலின் பேருண்மை அங்கே உள்ளது. அதற்காகவே நம் பொதுநிலையினர் ஒவ்வொருவரும் அதைப் படிக்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறோம்.

வரும் கிறிஸ்து பிறப்புக்கு ஏரிக்கரை செல்லவிருக்கும் அன்பர்கள், போர்வைகளைக் கட்டுமுன் இந்நூலின் முற்பகுதியையேனும் படிப்பார்களாக. சென்றதும், முகத்துவாரம் மணலால் தூர்ந்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கேட்பார்களாக. அவ்வூரின் அவ்வாண்டு உணவு அதைப் பொறுத்தது. செபத்தைத் தாங்கள் தொடங்காமல், ஊர் உபதேசியாரைத் தொடங்கச் சொல்லிப் பின்தொடர்வார்களாக. ஊரார் பேசும்போது குறுக்கிடாது கேட்பார்களாக. அடுத்த ஆண்டும் அதே குப்பத்துக்கு, அதே வீட்டுக்குச் செல்வார்களாக.