நிலமும் ஒழுக்கமும்: 'எல்டன் றிங்' என்னும் ஆட்டம் பற்றிய ஒரு நோக்கு

கணினித் திரையில் ஆடப்படும் விளையாட்டொன்றைக் கல்லூரி மலரில் ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். நாவலும் ஒருகாலத்தில் இவ்வாறே ஐயுறப்பட்டது. மாணவர் பலர் இரவுகள் பலவற்றைச் செலவிட்டு ஈடுபடும் ஒரு கலையை, அதன் நலந்தீங்குகளை நாடாது புறக்கணித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின், அத்துறையிற் பெரும்பெயர் பெற்ற 'எல்டன் றிங்' என்னும் ஆட்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

யப்பானிய நிறுவனமாகிய ஃப்ரொம்சொப்ட்வெயர் இதனை 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்டது. இயக்கியவர் ஹிடெட்டாக்கா மியசாக்கி. ஆட்டம் தொடங்குமுன் நிகழ்ந்த பழங்கதையை வகுத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஓராண்டுக்குள் 2 கோடிப் படிகள் விற்பனையாயின.

கதை இதுவாகும். பொன்மரம் ஒன்றின் நிழலில் வாழ்ந்த நாட்டின் ஒழுங்கைத் தாங்கிநின்ற வளையம் உடைபடுகின்றது. அதன் துண்டுகளைக் கைப்பற்றிய அரசியின் மக்கள் தம்முட் பொருது நாட்டைப் பாழாக்குகின்றனர். முன்னர் நாடுகடத்தப்பட்ட குலத்தான் ஒருவன் மீண்டுவந்து அவ்வளையத்தைச் செப்பஞ்செய்தல் வேண்டும். அவனே ஆட்டக்காரன்.

பரந்த நிலம் முழுவதும் அவனுக்குத் திறந்து கிடக்கின்றது. குதிரையேறி விரும்பிய திசையிற் செல்லலாம். பொன்னிறக் கீற்றொன்று வழிகாட்டும், கட்டாயப்படுத்தாது. முன்சென்ற ஆட்டக்காரர் நிலத்திற் பொறித்துவிட்ட குறிப்புக்கள், உலகின் வேறெங்கோ இருந்து பின்வருவார்க்குத் தோன்றும். உதவுவனவும் உள, ஏமாற்றுவனவும் உள. பரிசில் பெற்றான் பெறாதானை வழிப்படுத்தும் ஆற்றுப்படை மரபை அறிந்த நமக்கு இவ்வமைப்புப் புதிதன்று.

இவ்வாட்டத்தின் தலையாய சிறப்பு, நிலமே கதைசொல்லுதலாகும். கேலிட் என்னும் பகுதியிற் புகுவான் முதலிற் காண்பது செந்நிற வானமும் அழுகிய மண்ணும் உருத்திரிந்த விலங்குகளுமே. இருவர் பொருத போரில், அவருள் ஒருத்தியின் நோய் வெடித்துப் பரந்தமையே இவ்வழிவுக்குக் காரணம் என்பதைப் பின்னரே, கிடைத்த பொருள்களின் குறிப்புக்களாலும் உதிரிப் பேச்சுக்களாலும் அறிகின்றான். இளமையில் ஆங்கில நூல்களை அரைகுறையாக விளங்கிப் படித்து, விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பியதாக மியசாக்கி கூறியுள்ளார். அவ்வனுபவமே ஈண்டு கலைமுறையாகியது எனலாம்.

திருக்கோணமலையார் இம்முறையை எளிதில் உணர்வர். கோணேசர் ஆலயத்துக்குச் செல்வார் பிரெடரிக் கோட்டை வாயிலைக் கடந்தே செல்லல் வேண்டும். ஆண்டுக் கல்லிற் பொறித்த இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ்ச் சாசனமும் உள. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து அக்கற்களாற் கோட்டை கட்டிய வரலாற்றை அவை சொல்லாமற் சொல்லும். அப்பால் இராவணன் வெட்டு என்னும் மலைப்பிளவு நிற்கின்றது. கல்லும் கடலும் கதைசொல்லும் ஊர் நம்மூர்.

எனினும், ஒப்புமை கண்ட அளவில் அமைதல் திறனாய்வாகாது. தமிழ் மரபு நிலத்தை முதல், கரு, உரி என மூன்று கூறாற் கண்டது. இவ்வாட்டத்தில் முதலும் கருவும் செழித்துக் கிடக்கின்றன; உரியோ மெலிந்துள்ளது. உழுவாரும் வலைவீசுவாரும் காத்திருப்பாரும் அரியர். எந்நிலம் புகினும் ஆட்டக்காரன் ஆற்றும் தலையாய வினை போரே. 'இது புறத்திணை நூல் போல்வது. அகத்தை இதனில் தேடல் முறையன்று' என்பாரும் உளர். ஒருவாறு உண்மையே; கோட்டை முற்றும் உழிஞையும், நேர்நின்று பொரும் தும்பையும், நிலையாமை கூறும் காஞ்சியும் இதில் திறம்பட அமைந்துள்ளன. ஆயினும் புறத்துக்கும் ஒரு குடி வேண்டும். காக்கப்படும் ஊர் இன்றேல் வீரம் யார்பொருட்டு?

குறை இங்கேதான் முதிர்கின்றது. இவ்வாட்டத்தின் இடிபாடு ஆராய்வார்க்கு உரியது, வாழ்வார்க்கு உரியதன்று. முடிவிற் செப்பஞ்செய்தல் உண்டு. பல முடிவுகளுள் ஒன்றைத் தேரவும் செய்யலாம். ஆனால் அது தனியொருவன் அரியணை ஏறிச் செய்யும் செயல். நம்மூரில் நிகழ்ந்தது வேறு. 1950இல் நிலத்தை அகழ்ந்தபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இற் கடலடியிற் சுழியோடிகள் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு அக்கல்லைத் தமதென மறவாதிருந்த மக்களே அதனை இயற்றினர். அவருள் அரியணை ஏறினார் ஒருவருமிலர்.

ஆகவே, இவ்வாட்டத்தை மாணவர் ஆடுதல் தவறென யாம் கூறோம். சிதைவைக் கூர்ந்து படிக்கும் பயிற்சியை அது நன்கு தருகின்றது. முகமறியாதார் ஒருவர்க்கொருவர் விட்டுச்செல்லும் அச்சிறு குறிப்புக்களில், கதையிற் காணாத குடியின் சாயலும் தோன்றுகின்றது. அப்பயிற்சியோடு ஒருநாட் கோட்டை வாயிலில் நின்று அச்சாசனத்தையும் நோக்குவாராக. இக்கல் எவ்வாறு உடைந்தது என வினாவுதலோடு அமையாது, இதனைத் தமதெனக் காத்தவர் யாவர் என்றும் வினாவுவாராயின், ஆட்டம் தாராத பாடத்தை ஊர் தரும்.