எப்படிப் படித்தால் உனக்கு நிற்கிறது?

சிறப்புக் கல்வி தேவைப்படும் சிறு பிள்ளையின் முன்னால் ஒரு வினாத்தாளை வைக்கும் வழக்கம் பல பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் இருக்கிறது. படம் பார்க்கப் பிடிக்குமா, கதை கேட்கப் பிடிக்குமா, கையால் செய்து பார்க்கப் பிடிக்குமா என்று வரிசையாகக் கேள்விகள். படிக்கத் தெரியாத பிள்ளை சிரித்த முகத்தையோ வாடிய முகத்தையோ தொட்டுக் காட்டும். மதிப்பெண்களைக் கூட்டி, இது பார்வைவழிக் குழந்தை, இது செவிவழிக் குழந்தை, இது செயல்வழிக் குழந்தை என்று ஒரு பெயர் வைத்துத் தனிநபர் கல்வித் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். தனக்கு எது ஒத்துவரும் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிட்டதாக அந்தப் பக்கம் சொல்கிறது.

இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மதிப்பும் உண்டு, கவலையும் உண்டு. மதிப்பை முதலில் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. உளவியலாளர் ஓர் அறிக்கை தருவார், ஆசிரியர் ஒரு குறிப்பு எழுதுவார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிறப்புக் கல்வி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் வேண்டும் என்றது. ஆனால் அந்தத் திட்டத்தை வகுக்கும் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கட்டாயமாக அழைக்க வேண்டியது பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கையைத் திட்டமிடும்போதுதான். அந்தத் திட்டமிடலை 16 வயதில் தொடங்கினால் போதும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை இயன்றவரை சீக்கிரமே கண்டறிந்து தக்க கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் கண்டறிவதும் பள்ளி, கையாள்வதும் பள்ளி. ஏழு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து, ‘உனக்கு எப்படி வசதி?’ என்று ஒரு பெரியவர் கேட்பது இந்தப் பின்னணியில் பெரிய காரியம். பல பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வி அதுவரை எழுந்தே இருக்காது.

கேள்வி நல்லது. பதிலை வாங்கும் விதத்தில்தான் பிழை. அந்த வினாத்தாளுக்குப் பின்னால் இருக்கும் கற்றல் பாணி என்ற கருத்துக்குப் பல தலைமுறை உண்டு. நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் பரப்பிய ‘வார்க்’ வினாத்தாள் அவற்றில் பெயர்பெற்றது. ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள்; இரண்டும் ஒன்றல்ல என்று கார்ட்னரே பின்னர் எழுதிவிட்டார். 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழுவினர் தேடியபோது 71 வகைக் கற்றல் பாணி மாதிரிகள் அகப்பட்டன. ஒரே குழந்தையை 71 விதமாகப் பிரிக்க முடியும் என்றால், பிரிவு குழந்தைக்குள் இருக்கிறதா வினாத்தாளுக்குள் இருக்கிறதா என்று சந்தேகம் வர வேண்டும்.

2008இல் ஹரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஒரு நேர்மையான சோதனையை வரையறுத்தார்கள். பார்வைவழி என்று பெயர் பெற்றவர்களையும் செவிவழி என்று பெயர் பெற்றவர்களையும் கலந்து, ஒரு பாதிக்குப் படத்தாலும் மறுபாதிக்குப் பேச்சாலும் ஒரே பாடத்தைக் கற்பியுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். பார்வைவழியினர் படத்தாலும் செவிவழியினர் பேச்சாலும் நன்றாகச் செய்தால்தான் பாணி என்ற ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். அந்த அளவுகோலில் தேறிய சான்றுகள் அநேகமாக இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஆனாலும் நம்பிக்கை குலையவில்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிரிட்டன் ஆசிரியர்களில் 93 விழுக்காட்டினரும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 விழுக்காட்டினரும் பிள்ளையின் பாணியில் கற்பித்தால் அது நன்றாகக் கற்கும் என்றே நம்பினார்கள். இதில் ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வேறுவேறு என்ற, அவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிற உண்மைக்கு அந்த வினாத்தாள் ஒரு வடிவம் கொடுத்தது. வடிவம்தான் தவறானது.

சிறப்புக் கல்விக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடம் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்டால், புரியாதபோது ‘ஆம்’ என்று சொல்லிவிடும் போக்கு அதிகம் என்பதை கரோல் சிகல்மன் குழுவினர் 1981இலேயே காட்டினார்கள். கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று வாழப் பழகிய பிள்ளைகள் இவர்கள். படம் பிடிக்குமா? ஆம். பாட்டுப் பிடிக்குமா? ஆம். களிமண் பிடிக்குமா? ஆம். இந்த ஆம்களைக் கூட்டினால் வருவது பிள்ளையின் பணிவின் அளவு. சிறு வயது என்பதும் ஒரு காரணம். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகள் தங்களால் நினைவில் வைக்க முடிவதைவிட அதிகம் முடியும் என்று முன்கூட்டிச் சொல்வார்கள் என்று ஜான் ஃபிளேவலின் குழு 1970இல் கண்டது. தன் நினைவைத் தானே எடைபோடுவது வயதோடும் பயிற்சியோடும் வரும் திறமை. அது இருப்பதாகவே வைத்துக்கொண்டு வினாத்தாள் தொடங்குகிறது.

இதைவிட என்னை வருத்துவது பெயரின் பின்விளைவு. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ‘பார்வைவழிக் கற்பவர்’ என்று சொல்லப்பட்ட பிள்ளையைக் ‘கையால் செய்து கற்பவர்’ என்று சொல்லப்பட்ட பிள்ளையைவிட அறிவாளி என்று பெற்றோரும், ஆசிரியர்களும், பிள்ளைகளுமே மதிப்பிட்டார்கள். சிறப்பு வகுப்பில் எந்தப் பெயர் அதிகம் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடியாடும் பையன் ‘செயல்வழி’ ஆகிறான். பிறகு அவனிடம் புத்தகமே வருவதில்லை. படிக்கத் திணறிய பெண் ‘செவிவழி’ ஆகிறாள். வாசிப்புக்கு அவளை அழைத்துப் போக வேண்டிய பொறுப்பு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும். பலமுறை தோற்றுப்போன பிள்ளை, தோல்வி நேராத இடத்தையே தனக்குப் பிடித்த இடம் என்று சொல்லும். அந்த விருப்பத்தில் ஒளிந்திருக்கும் பயத்தை வினாத்தாளால் படிக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. காது கேளாத பிள்ளைக்குச் சைகையும், பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்லும் வேண்டாமா? வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைச் சிறிது நேரம் பிடித்துவைப்பது கடினம், கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படவரிசையாக மாட்டிவைத்தால் பதற்றம் குறைகிறது. வட கரோலைனாவில் எரிக் ஷாப்ளர் வளர்த்த ‘டீச்’ முறை இத்தகைய காட்சி ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. இவையெல்லாம் உடலும் மூளையும் கோருகிற தேவைகள், ரசனைகள் அல்ல. இரண்டையும் ஒரே படிவத்தில் கலப்பதால் தேவை மலிந்துபோகிறது. ‘எல்லாருக்கும் ஒரு ஸ்டைல் இருக்கு, அதையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா’ என்று சொல்லும் தலைமையாசிரியர், சட்டம் உரிமையாகக் கொடுத்ததைச் சலுகையாக மாற்றிவிடுகிறார்.

ஆகவே கேள்வியைக் கைவிடாமல், அதற்கு வேறு வகையில் பதில் தேட வேண்டும் என்பதே என் வாதம். ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்பதை ‘எது நின்றது’ என்று மாற்ற வேண்டும். அதைப் பிள்ளை தானே செய்து, தானே பார்க்க வேண்டும்.

டிஸ்லெக்சியா உள்ள எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்து யோசிப்போம். தமிழ் எழுத்து அவனுக்கு வைக்கும் கண்ணிகள் தனி. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஆனால் வாயில் ககரம்தான் முதலில் வருகிறது. ‘கொ’வில் உயிரின் குறி மெய்யை இருபுறமும் சூழ்கிறது. ந, ன, ண மூன்றுக்கும் அவன் காதில் ஒரே ஒலி. இவனுக்கு ஐந்து சொற்களை அட்டையில் பார்த்துப் படிக்கவும், வேறு ஐந்தை எழுத்துக் கூட்டிச் சொல்லவும், இன்னும் ஐந்தை மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லவும் கொடுக்கலாம். மூன்றாவது வழி கண்ணையும் கையையும் வாயையும் ஒருசேர வேலை வாங்குவது. கிரேஸ் ஃபெர்னால்டு 1943இல் நூலாக எழுதிய முறையும் இதைத்தான் செய்தது, நம் திண்ணைப் பள்ளிகளின் மணலெழுத்தும் இதைத்தான் செய்தது. உடனே சோதிக்கக் கூடாது. படித்த சூட்டில் எல்லாமே தெரிந்தது போலத்தான் இருக்கும். மறுநாள், முடிந்தால் இன்னொரு முறை மூன்று நாள் கழித்து, பதினைந்து சொற்களையும் கேட்டு, சரியானவற்றுக்கு அவனையே கட்டத்தில் வண்ணம் அடிக்கச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் சொற்களை மாற்றி மறுபடியும். நாலைந்து வாரத்தில் அந்தத் தாளில் ஓர் உருவம் தெரியத் தொடங்கும். அதை அவன் கண்டுபிடித்தான் என்று அப்போது சொன்னால் பொய்யில்லை.

இப்படிக் கிடைக்கும் பதில் ஒற்றைச் சொல்லாக இருக்காது. சொல்லுக்கு மணல் உதவுகிறது, கணக்குக்குப் புளியங்கொட்டை வேண்டும், பக்கத்தில் பேச்சுச் சத்தம் இருந்தால் ஒன்றும் ஏறவில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பு வைத்தால் பயனில்லை. பாடத்துக்குப் பாடம், நேரத்துக்கு நேரம் மாறும் பட்டியல் அது. மைக்கேல் வேமையரும் சூசன் பாமரும் மற்றவர்களும் உருவாக்கிய தற்தீர்மானக் கற்றல் மாதிரி, பிள்ளையிடம் மூன்று கேள்விகளை அடுத்தடுத்து வைக்கிறது. என் குறிக்கோள் என்ன? என் திட்டம் என்ன? நான் என்ன கற்றுக்கொண்டேன்? தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைத் தகவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி இருப்பதால்தான் இது வினாத்தாளைவிட உயர்ந்தது. திட்டம் பலிக்கவில்லை என்று சொல்லும் இடத்தைப் பிள்ளைக்கே அது விட்டுவைக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலமெங்கும் போன செயல்வழிக் கற்றல் என்ற திட்டத்திலும், கற்றல் ஏணியைப் பார்த்துப் பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அறிய முடிந்தது. அது அரிய விஷயம். எந்த வழியில் ஏறினால் தனக்கு எளிது என்று கேட்டுக்கொள்ள மட்டும் அந்த ஏணியில் இடமிருக்கவில்லை.

நான் பரிந்துரைக்கும் வழிக்கும் குறைகள் உண்டு. முதல் குறை நேரம். ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போய்வருகிறார். அவர் வராத நாளில் மறுநாள் சோதனையை யார் செய்வது? வகுப்பாசிரியர் கைகொடுக்காவிட்டால் இது நடக்காது, அவரிடமும் வகுப்பு நிறையப் பிள்ளைகள். அடுத்த குறை இன்னும் மென்மையானது. மூன்று வழியை ஒப்பிட்டால் இரண்டு வழி தோற்கும். ஏற்கெனவே சிவப்பு மையால் நிறைந்த நோட்டை வைத்திருக்கும் பிள்ளைக்குத் தோற்றது வழிதான் என்று புரியவைப்பது லேசான வேலையில்லை. அந்த நேரத்தில் ஆசிரியரின் குரலில் ஒரு துளி ஏமாற்றம் தெரிந்தாலும் போதும், முழுப் பயிற்சியும் இன்னொரு பரீட்சையாகிவிடும். பேச்சு வராத பிள்ளைகளிடம் பதிலைச் சொல்லாக எதிர்பார்க்கவும் முடியாது. எதை நோக்கிக் கை நீள்கிறது, எதன் முன்னால் அதிக நேரம் இருக்கிறது, எப்போது முகத்தைத் திருப்புகிறது என்று பெரியவர் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். அங்கே கண்டுபிடிப்பு பாதி பெரியவருடையதாகிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஏழு வயதில் கிடைத்த பதில் பத்து வயதில் பொருந்தாமலும் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பத்தாம் வகுப்பு ஒரு காரணம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதும் கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. காகிதத்தில் இது போதுமானது. ஆனால் விடையை மனதில் கோர்த்து, வாக்கியம் வாக்கியமாக இன்னொருவருக்குச் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி தேவைப்படும் கலை. எங்கே நிறுத்துவது, எழுதியதை எப்போது வாசித்துக் காட்டச் சொல்வது, கூடுதல் மணியை எந்தக் கேள்விக்கு வைத்துக்கொள்வது என்பதெல்லாம் தேர்வறையில் முதன்முறையாகக் கற்க முடியாதவை. வாயால் சொல்வது தனக்கு உதவுகிறதா, அல்லது கூடுதல் நேரத்தில் தானே எழுதுவது மேலா என்று தெரியாமலே சலுகைப் படிவத்தில் கையெழுத்திடும் பிள்ளைகளும் இருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தானே எழுதியும், அதே அளவு இன்னொன்றை அம்மாவிடம் சொல்லி எழுதவைத்தும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், அந்தப் படிவத்தை நிரப்பும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும்.

வண்ணம் அடித்த அந்தத் தாள்கள் ஆண்டு முடிவில் என்ன ஆகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் மாறுகிறார், பயிற்றுநர் மாறுகிறார், கோப்பில் தங்குவது குறைபாட்டின் பெயரும் விழுக்காடும் மட்டுமே. பிள்ளை தன்னைப் பற்றி அறிந்த நாலு வரியை, தன் சொல்லிலேயே, புதிய வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்தில் நேரில் சொல்லவோ காட்டவோ பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் படங்கள் ஒட்டிய ஒரு பக்கம் போதும். இதற்குப் புதிய நிதியும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும்.