பேரிக்காயும் ரிப்பனும்

கடவுளுக்குத் தெரியாத பாவம் இல்லை என்றால், அதை அவரிடம் போய்ச் சொல்வானேன்? அகஸ்டினின் பாவ அறிக்கையைப் படிக்கிறவனுக்கு முதலில் எழுகிற கேள்வி இதுதான். கி.பி. 400ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த லத்தீன் நூல் கடவுளை விளித்தே பேசுகிறது. நாம் ஒட்டுக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

16 வயதில் தோழர்களோடு பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிந்ததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். பசியில்லை, அதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. தப்பு என்பதற்காகவே செய்தேன் என்கிறார். சாக்குச் சொல்ல வழியில்லாத பாவம்.

1782ல் வெளிவரத் தொடங்கிய ரூஸோவின் சுயசரிதத்திலும் ஒரு திருட்டு உண்டு. ரிப்பனைத் திருடிவிட்டுப் பழியைச் சமையற்காரப் பெண்மேல் போட்டார். வருந்தத்தான் வருந்துகிறார். ஆனால் அவள்மேல் இருந்த பிரியமே காரணம் என்று வாசகரிடம் வாதாடவும் செய்கிறார். மனிதரிடம் சொன்னால் வக்காலத்தும் கூடவே வந்துவிடுகிறது. எல்லாம் தெரிந்தவரிடம் அது செல்லாது. கடவுளிடம் சொல்வது அதற்காகத்தான்.

அகஸ்டினிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பல வருஷம் கூட வாழ்ந்து மகனையும் பெற்றவளை, வேறு கல்யாணத்துக்காக மிலான் நகரிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியாயிற்று. தம் நெஞ்சில் ரத்தம் வடிந்ததைச் சொல்கிறார். மகன் பெயரைச் சொல்கிறார். அவள் பெயரைச் சொல்லவில்லை. கடவுளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாரோ?

நானும் என் குறைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பெருமை தரக்கூடிய குறைகளாகப் பார்த்துப் பொறுக்கித்தான் எழுதினேன். ஒரு பேரிக்காயைக்கூட எழுதியதில்லை.