யாகியின் 1928 ஆம் ஆண்டு அலைவாங்கிக் கட்டுரை: ஒரு மதிப்பீடு

குற்றலைகளைக் கற்றையாகச் செலுத்துவது பற்றி ஜப்பானியப் பொறியியலாளர் ஹிடெட்சுகு யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழகத்தின் இதழில் 1928 சூன் மாதம் வெளிவந்தது. வீட்டுக் கூரைகளில் மீன் முள்ளைப் போல நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவை உலகம் அறிந்தது இக்கட்டுரையின் வழியாகத்தான். 1980களில் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோர வீடுகளில் இலங்கையின் ரூபவாகினியைப் பார்க்க உயர்த்திக் கட்டப்பட்டதும் இதே வகை அலைவாங்கியே. வானொலிப் பொறியியலில் செவ்வியல் ஆக்கமாக மதிக்கப்படும் இக்கட்டுரைக்குச் சிறப்புகளும் உண்டு, குறைகளும் உண்டு.

கட்டுரையின் பொருள்

கட்டுரை இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி அலைக்கற்றையை ஒரு திசையில் செலுத்தும் முறையைக் கூறுகிறது. இரண்டாம் பகுதி அத்தகைய குற்றலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய்களைப் பற்றியது. கின்ஜிரோ ஒகாபேயின் ஆய்வு அதில் இடம்பெறுகிறது.

முதற்பகுதியின் கருத்து எளிமையானது. மின்னிணைப்புப் பெறும் கம்பி ஒன்றே ஒன்று. அதன் பின்னால் ஒத்ததிர்வு நீளத்தைவிடச் சற்று நீண்ட கம்பி ஒன்றும், முன்னால் சற்றுக் குட்டையான கம்பிகள் சிலவும் வைக்கப்படுகின்றன. இவற்றுக்கு எந்த இணைப்பும் இல்லை. முதற்கம்பியின் அலை இவற்றில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இவையும் அலை வீசத் தொடங்குகின்றன. நீளம் மாறும்போது தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் கட்டமும் மாறுகிறது. அதனால் அலைகள் முன்பக்கம் ஒன்றோடொன்று கூடுகின்றன. பின்பக்கம் பெரும்பாலும் ஒன்றையொன்று அழிக்கின்றன. நீண்ட கம்பி எதிரொளிப்பி எனவும், குட்டைக் கம்பிகள் திசையளிகள் எனவும் பெயர் பெறும். திசையளிகளின் வரிசையை யாகி அலைக் கால்வாய் என்று அழைத்தார்.

சிறப்பு

அக்காலத்தில் அலையை ஒரு திசையில் குவிக்க, பல அலைவாங்கிகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்சாரம் ஊட்ட வேண்டியிருந்தது. யாகியின் கட்டுரை அச்சுமையை நீக்கியது. நீளமும் இடைவெளியும் சரியாக இருந்தால், இணைப்பில்லாத வெறுங்கம்பியே அவ்வேலையைச் செய்யும் என்று காட்டியது. சாதாரணக் கம்பியைக் கொண்டு எவரும் செய்து பார்க்கக்கூடிய அமைப்பு இது. இதன் நிலைபேற்றுக்கு முதற்காரணமும் அதுவே.

குறைகள்

முதற்குறை கணக்கீடு பற்றியது. கட்டுரை பெரும்பாலும் அளவீடுகளின் மேல் நிற்கிறது. ஓர் அலைநீளத்தைக் கொடுத்தால் கம்பிகளின் நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் முழுமையான வழி அதில் இல்லை. கம்பிகள் ஒன்றையொன்று தூண்டுவதால், ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். எனவே வெட்டிப் பார்த்துத் திருத்தும் முறையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

இக்குறை எவ்வளவு பெரியது என்பதை 1976 இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்திற்காகப் பீட்டர் வீஸ்பிக்கி வெளியிட்ட அளவீடுகள் காட்டுகின்றன. அவர் தந்த மூன்று கம்பி அமைப்பில் எதிரொளிப்பியின் நீளம் 0.482 அலைநீளம், திசையளியின் நீளம் 0.442 அலைநீளம். 3 மீட்டர் அலைக்கு இவை 144.6 செ.மீ., 132.6 செ.மீ. ஆகும். முன் எது, பின் எது என்பதை முடிவு செய்வது வெறும் 12 செ.மீ. வேறுபாடு. கம்பியின் தடிமனையும் அது பொருத்தப்படும் உலோகத் தண்டையும் கணக்கில் எடுத்து, இந்நீளங்களை மேலும் திருத்த வேண்டும்.

இரண்டாம் குறை, அலைக் கால்வாய் என்னும் சொல் தரும் எண்ணம். திசையளிகளைச் சேர்க்கச் சேர்க்க ஆற்றல் அதே அளவில் பெருகும் என்று மாணவர் கருதக்கூடும். வீஸ்பிக்கியின் அட்டவணையில், 0.4 அலைநீள நீளமுள்ள மூன்று கம்பி அமைப்பின் ஆதாயம் சாதாரண அரையலை இருமுனையத்தைவிட 7.1 டெசிபெல். 4.2 அலைநீள நீளமுள்ள பதினைந்து கம்பி அமைப்பின் ஆதாயம் 14.2 டெசிபெல். அதாவது நீளம் பத்து மடங்குக்கு மேல் கூடியும், முன்திசை ஆற்றல் ஏறத்தாழ ஐந்து மடங்கே கூடுகிறது. 3 மீட்டர் அலைக்கு 1.2 மீட்டர்த் தண்டு 12.6 மீட்டராகிவிடும் என்பதையும் நினைக்க வேண்டும்.

பெயர் யாருடையது?

மூன்றாவது பிரச்சினை அறிவியல் பற்றியதன்று, நீதி பற்றியது. செண்டாய் நகரின் தோகோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் யாகியின் கீழ்ப் பணியாற்றிய ஷின்டாரோ உடாதான் சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர். 1926 முதல் 1929 வரை அவர் தொடர் கட்டுரைகளை எழுதினார். ஆனால் அவை ஜப்பானிய மொழியில் இருந்தன. 1926 இல் இருவர் பெயரிலும் ஒரு குறுங்கட்டுரை வந்தது. 1925 இல் கோரப்பட்ட ஜப்பானியக் காப்புரிமையோ யாகியின் பெயரில் மட்டுமே இருந்தது.

யாகி தம் 1928 ஆம் ஆண்டுக் கட்டுரையில் உடாவின் உழைப்பை மறைக்கவில்லை. அவர் பெயரைக் குறிப்பிட்டே எழுதினார். ஆயினும் தலைப்பின் கீழ் இருந்த ஒரே பெயரைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. கட்டுரைக்குள் சொல்லப்படும் நன்றி, முகப்பில் இடம்பெறும் பெயருக்கு ஈடாகாது என்பதற்கு இது தெளிவான சான்று. யாகி-உடா என்னும் இணைப்பெயர் பாடநூல்களில் இடம்பெற்றாலும், பேச்சுவழக்கில் இன்றும் யாகி மட்டுமே நிற்கிறது.

சொந்த நாடும் இக்கண்டுபிடிப்பை உடனே மதிக்கவில்லை. 1942 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர், பிரித்தானிய ரேடார்க் குறிப்பேடு ஒன்றில் யாகி என்ற சொல்லைக் கண்டு பொருள் புரியாமல் கைதியிடம் கேட்டதாகவும், அது ஒரு ஜப்பானியரின் பெயர் என்ற பதில் கிடைத்ததாகவும் கூறப்படுகிறது.

முடிவு

வடிவமைப்புக் கையேடாக இக்கட்டுரை இன்று போதாது. அப்பணியைப் பிற்கால அட்டவணைகளும் கணினி நிரல்களும் செய்கின்றன. கருத்தை விளக்கும் ஆக்கமாக அது இன்றும் படிக்கத் தக்கது. அலைவாங்கியைக் கற்கும் மாணவர் அதை உடாவின் பெயரையும் சேர்த்து நினைவில் வைத்துப் படிப்பதே முறையாகும்.