டக்... டக்... டக்!

சொன்னா சிரிப்பீங்க. போன ஐப்பசியில், ராத்திரி ரெண்டு மணிக்கு, இடியும் மின்னலுமாக் கொட்டுற மழையில், உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கிட்டு, டார்ச்சும் கையுமாக் கோழிக்கொட்டகை ஓரத்தில் நின்னு ஒரு டிரம் நிறையறதை வேடிக்கை பார்த்த ஆள் நான்தான். "என்னங்க, பைத்தியமா?"ன்னு வாசலிலிருந்து சத்தம். ஆமா, பைத்தியம்தான்!

எங்க ஊர் ராமநாதபுரம் பக்கம். போர் தண்ணி உப்புக் கரிக்கும். கோழிகள் ஒரு வாய் குடிச்சுட்டு அலகை உதறும். தமிழ்நாட்டில் 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. கோழிக்கும் பிடிக்கலாம்னு எனக்கு உறைக்க இத்தனை வருசம்!

கணக்கைக் கேளுங்க. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தா 1 லிட்டர். என் தகரக்கூரை பன்னிரண்டுக்குப் பத்தடி, சுமார் 11 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் போதும், 200 லிட்டர் டிரம் தளும்பிடும்! கோழிக்கு நாளைக்குக் கால் லிட்டர்னு வச்சாலும், என் இருபது கோழிக்கு 40 நாள் கவலையில்லை. கோடையில் ரெண்டு மடங்கு குடிக்கும், அப்பவும் 20 நாள்!

இப்ப அந்த விடியலைக் கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க: மழை விட்டிருக்கு, மண்வாசனை, ஹாலோபிளாக் மேல கறுப்பு டிரம், அதிலிருந்து இறங்கற குழாயில் நாலு சிவப்பு நிப்பிள், ஒவ்வொண்ணு நுனியிலும் கண்ணாடி மணி மாதிரி ஒரு சொட்டு, என் கறுப்புப் பெட்டை கழுத்தைச் சாய்ச்சு ஒத்தைக் கண்ணால் முறைக்குது, டக்னு ஒரு கொத்து, சொட்டு வாயில் விழுது, தலையை வானத்துக்குத் தூக்கி முழுங்குது, மறுபடி டக், அப்புறம் பார்க்கணுமே, சேவல் வருது, குஞ்சுகள் இடிச்சுக்கிட்டு வருது, டக் டக் டக்னு கச்சேரியே நடக்குது, நான் மச்சினனுக்குப் போன் போட்டு, போனை நிப்பிள்கிட்டே பிடிச்சு, "மாப்ளே, கேளு!"ன்னு கத்தறேன், அவன் "தூங்க விடுங்க மச்சான்"கிறான்!

குறையா? மூடாம விட்டா பாசி பிடிக்கும், கொசு முட்டையிடும். மூடி போட்டு, வாயில் வேட்டித்துணி கட்டினாச் சரி. காக்கா எச்சமும் சருகும் கழுவி வர்ற முதல் பத்து நிமிசத் தண்ணியை வெளியே விட்டுடணும். அவ்வளவுதான்! வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைத் தண்ணியில் கலந்து கொடுக்கும்போது, மருந்தைக் கெடுக்கிற குளோரின்கூட இதில் கிடையாது.

அடுத்த ஐப்பசிக்குள்ள ஒரு டிரம், ஒரு குழாய், நாலு நிப்பிள் வாங்கி வச்சிடுங்க. உரச்சாக்கும் ஒண்ணு தயாரா இருக்கட்டும். நீங்களும் ராத்திரி எழுந்து போவீங்க.