நியூஃபவுண்ட்லாந்தில் ஏன் யாரும் தங்கவில்லை?

1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை உள்ளூர் மீனவர்கள் மீட்டார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் கூட்டிவந்தவர்கள் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கரையில் உணவும் உடையும் பரிவும் கிடைத்தன. ஆனாலும் அந்த மண்ணில் அவர்கள் வேர்விடவில்லை. மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் புறப்பட்டுப் போனார்கள்.

ஏன்? ‘இனம் இனத்தோடுதான் சேரும்’ என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. ‘எங்களோடு ஒட்டாமல் கூட்டமாகவே வாழ்கிறார்கள்’ என்று குடியேறிய நாடுகளில் அதையே குற்றமாகச் சொல்வதும் உண்டு. பெருமையும் குற்றச்சாட்டும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன: வந்தவர் விரும்பித்தான் கூடுகிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு பாரம் தாங்கும்?

நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கும் நியூஃபவுண்ட்லாந்தைப் போலக் குளிரும் கடலும் மீனுமான இடம்தான். குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே சூரியன் எழுவதில்லை. அந்த ஊர்களில் 1980களில் தமிழர் போய்க் குடியிருந்தார்கள், ஏனென்றால் மீன் பதனிடும் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. நியூஃபவுண்ட்லாந்திலோ அந்த ஆண்டுகளில் உள்ளூர்க்காரருக்கே வேலை கிடைக்காத நிலை. வேலை இருந்தால் தமிழர் இல்லாத ஊருக்கும் தமிழர் போவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சரி, வேலை அவர்களைப் பிடித்து வைத்ததா? வட நோர்வேயின் ஒரு மீன்பிடி ஊரில் தமிழரிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத், மருத்துவரால் காரணம் கண்டுபிடிக்க முடியாத உடல்வலிகளோடு அவர்கள் மருத்துவரிடம் போய்வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். உறவும் சடங்கும் அற்றுப்போன வாழ்வையே அந்த உடல்கள் வலியாக உணர்ந்தன என்பது அவருடைய விளக்கம். கையில் சம்பளம் இருந்தும் பலர் ஒஸ்லோவுக்கு நகர்ந்தார்கள். பொருளாதாரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த வலிக்கு எந்தப் பத்தியில் இடம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. வேலை ஆளைக் கொண்டுவரும். குடும்பத்தை நிலைக்க வைக்க அது போதாது.

டொராண்டோவுக்கு வருவோம். அங்கே முதலில் கதவைத் திறந்தது சட்டம். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கறுப்பு ஜூலை வன்முறைக்குப் பின் கனடா இலங்கையருக்கென்று சிறப்புக் குடிவரவு ஏற்பாடுகளைச் செய்தது. 1985இல் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம், அகதிக் கோரிக்கை வைப்பவரை நேரில் விசாரிக்காமல் தள்ளக்கூடாது என்றது. அப்படிக் கோரிக்கை வைத்தவர் எந்த நகரிலும் குடியிருக்கலாம். மாண்ட்ரியலில் இறங்கியவர்களுக்கு மொழி குறுக்கே நின்றது: கியூபெக்கின் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறியவர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு டொராண்டோ எளிதாகத் தெரிந்தது. மொழி ஒன்றே காரணமென்றும் சொல்ல முடியாது; மாண்ட்ரியலில் இன்றும் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள்.

நகருக்குள் எந்தத் தெரு என்பதை முடிவு செய்தது வாடகை. நகர நடுவிலுள்ள செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக்கட்டடங்கள் 1960களில் தனியாக வாழும் இளம் நடுத்தர வர்க்கத்தாருக்கென்று எழுந்தவை. அவர்கள் விலகிப்போன அறைகளில்தான் அகதிகள் பங்கு போட்டு வாடகை கட்டினார்கள். பிறகு நகரின் கிழக்கிலுள்ள ஸ்கார்பரோ. அங்கே வீடு வாங்கியவர் மேலே குடியிருந்து, பேஸ்மென்ட்டைப் புதிதாக வந்தவருக்கு விட்டார். அந்த வாடகை வீட்டுக் கடனுக்குப் போனது. வந்தவர் அதே தெருவில் சீட்டுப் பிடித்து, முன்பணம் சேர்த்து, தானும் ஒரு வீடு வாங்கினார். முன்னே வந்தவரின் கடனும் பின்னே வந்தவரின் கூரையும் இப்படி ஒன்றையொன்று தாங்கின. ஒரு தமிழ்ப் பகுதி வளர்வதன் உள்பொறி இதுதான் என்பேன். பாசம் அதில் உண்டு. வங்கித் தவணையும் உண்டு.

இதற்கு நேர்மாறான சோதனை டென்மார்க்கில் நடந்தது. 1986 முதல் 1998 வரை அகதிகளை நாடெங்கும் பரப்பிக் குடியமர்த்துவது அங்கே கொள்கை. யூட்லாண்டின் சிறு நகரங்களில் வைக்கப்பட்ட தமிழரில் பலர், குடியுரிமை கிடைத்ததும் லண்டனுக்குப் பெயர்ந்தார்கள். சிதறடித்தாலும் கூடினார்கள் என்றால் இனப்பற்றுதானே காரணம் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கல்வி என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு இல்லாமல் அந்தப் பயணமும் இல்லை. இங்கும் கதவு முதலில், உறவு பிறகு.

கூடி வாழ்வது முன்னேற்றத்தைத் தடுக்கும் என்ற வாதமும் முழுதாக நிற்கவில்லை. இதேபோல் அகதிகளைப் பரப்பிய சுவீடனை ஆராய்ந்து எடின், ஃபிரெட்ரிக்ஸன், ஆஸ்லுண்ட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தம் இனத்தார் செறிந்த பகுதியில் வாழ்ந்தபோது குறைந்த திறன் கொண்டோரின் வருமானம் உயர்ந்ததைக் காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: சுற்றியுள்ள இனத்தாரின் வருமானம் நன்றாக இருந்தால்தான் பலன் பெரிது. நலிந்தவர்கள் மட்டுமே கூடிய இடம் அவ்வளவாகக் கைகொடுக்காது. சொந்தக்காரர் கடையில் குறைந்த கூலிக்கு நாள்முழுதும் நிற்பவருக்கு இது புதிய செய்தியாக இராது.

ஆகவே என் முடிவு இது. எந்த நகரம், எந்தத் தெரு என்பதைச் சட்டமும் வேலையும் வாடகையும் தீர்மானிக்கின்றன. அங்கே எத்தனை பேர், எத்தனை காலம் என்பதை உறவு தீர்மானிக்கிறது. இனப்பற்றை முதற்காரணமாக வைப்பவர்கள் வீட்டுக்காரரையும் சட்டம் இயற்றியவரையும் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகிறார்கள். 2018இல் டென்மார்க், மேற்கத்திய நாடுகளைச் சேராதோர் பாதிக்குமேல் வாழும் குடியிருப்புகளைக் குறிவைத்துச் சட்டம் போட்டபோது செய்ததும் அதுதான்: மலிவான வாடகைக் குடியிருப்பு எங்கே கட்டப்பட்டது என்று கேட்காமல், அதில் யார் வசிக்கிறார்கள் என்று எண்ணியது.